பாறைப்பொத்தானுக்கு ஊற்றிய தண்ணீர்

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி எட்டுத் தட்டுகளில் நட்டேன். தட்டுக்கு இரண்டு பங்கு கல்பொடி, ஒரு பங்கு மண். ஒவ்வொன்றிலும் நாற்பது துணுக்குகள். இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதென்றால், எல்லாவற்றையும் நான் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைப்பவள் பொய் சொல்லமாட்டாள் என்று மற்றவர்கள் நம்பியதும் அதனால்தான்.

தட்டுகள் தபால் பெட்டிகளுக்காக. எங்கள் பக்கத்து வீடுகள் பதினொன்றுக்கும் பெட்டிகள் ஒன்றாக, சாலை முனையில், ஒரு நீண்ட மரச் சட்டத்தில் வரிசையாக இருக்கின்றன. மேலே ஒரு சின்னக் கூரை. ஜனவரிப் புயல் அந்தக் கூரையைப் பிய்த்துக் கடலில் போட்டுவிட்டது. இந்தப் பதினொரு வீட்டுச் சங்கத்தின் கூட்டத்தில் தலைவி குட்னி, இந்தத் தடவை தகரம் வேண்டாம், பாறைப்பொத்தான் வளர்த்துக் கூரையாகப் போடலாம் என்றாள். கடல் பக்கத்துப் பாறைகளில் தானாகப் படர்கிற செடி அது. பார்லி மணி அளவு தடித்த இலை. ஜூன் கடைசியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நட்சத்திரப் பூ.

"யார் வளக்கறது?" என்று குட்னி கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்தேன். நகரத்தில் சேர்ந்த படிப்பைப் பாதியில் விட்டுத் தீவுக்குத் திரும்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். நான் எதற்காவது கையைத் தூக்கி எல்லோரும் பார்த்தது அதுதான் முதல்முறை. கூரைச் சட்டத்தை இழைத்துத் தருகிறேன் என்று ஓஸ்முன் சொன்னார். படகுத்துறையில் கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. வயது ஐம்பத்திரண்டு. எனக்கு அடுத்த வீடு, அடுத்த பெட்டி.

"சட்டம் போதும் ஓஸ்முன், கப்பல் கட்டிடாத," என்றான் கோடி வீட்டு ஆர்விட். எல்லோரும் சிரித்தார்கள். ஓஸ்முனைப் பற்றி ஊரில் உள்ள பேச்சு அது. அரை டப்பா வண்ணம் போதும் என்றால் மூன்று டப்பா அடிப்பார். ஒருமுறை சங்கத்துக்கு வாஃபிள் பலகாரம் சுட, மாவில் உப்பைக் கை நிறையப் போட்டார்; அந்த மாவைப் பன்றிகூடத் தொடவில்லை. அதை அவரும் சிரித்துக்கொண்டே கேட்பார். காது மட்டும் சிவக்கும்.

மே மாதம் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. துணுக்குகள் வேர் பிடித்தன. வாடிக்கையாளர்கள் பால் வாங்கும்போதுகூட "பொத்தான் எப்படி இருக்கு, ராக்னா?" என்று கேட்டார்கள். நான் எண்ணிக்கையோடு பதில் சொன்னேன். முந்நூற்று இருபதில் முந்நூற்றுப் பதினொன்று உயிரோடு இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே காலையில் எண்ணினேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஜூன் இரண்டாம் தேதி கடைப் பயிற்சிக்காக ஒரு வாரம் பெர்கன் நகரத்துக்குப் போனேன். தட்டுகளை ஓஸ்முனிடம் விட்டேன். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன்: மூன்று நாளுக்கு ஒருமுறை, தட்டுக்கு ஒரு கோப்பை தண்ணீர்.

"ஒரு கோப்பைன்னா எந்தக் கோப்பை?" என்று கேட்டார்.

"காப்பிக் கோப்பைதான்."

"பெருசா, சின்னதா?"

"சாதாரணம், ஓஸ்முன்."

அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் தேதி திரும்பினேன். அந்த வாரம் ஒரு துளி மழை இல்லை. எங்கள் ஊரில் அது அபூர்வம். ஓஸ்முன் பூவாளியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார்.

தட்டில் விரலை விட்டேன். பொடி காய்ந்து விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. ஒரு கோப்பைகூட விழவில்லை என்று உடனே தெரிந்தது. இலைகள் சுருங்கிக் குறுகி, துருப்பிடித்த ஆணி மாதிரிச் சிவந்திருந்தன. செத்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் உருளைக்கிழங்குப் பாத்தியில் எல்லோரும் கடற்பாசி போடுகிறோம். எங்கள் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் பாசி ஊறிக்கொண்டே இருக்கும். கடலோரத்துச் செடிக்குக் கடற்பாசி ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று நினைத்தேன். அன்று மாலையே அந்தப் பாசித் தண்ணீரை ஊற்றினேன். பத்தாம் தேதி, பன்னிரண்டாம் தேதி, பதினான்காம் தேதி மறுபடியும். ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டேன். நான்கு நாளில் இலைகள் பச்சையாகி உப்பின. தண்டுகள் விரல் நீளத்துக்கு எழுந்தன. "மீண்டுவிட்டன," என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

இருபதாம் தேதி, வேலை முடிந்து கடல் முனைப் பக்கம் நடந்தேன். பாறை முழுக்கப் பாறைப்பொத்தான். யாரும் ஒரு சொட்டு ஊற்றாத இடம். அங்கே இலைகள் அத்தனையும் சிவப்பு, அதே துரு நிறம். அவற்றின் மேல் பூ, உப்பைத் தூவியது போல. வெயில் பட்டால் அது அப்படித்தான் சிவக்கும். ஐந்து நிமிட நடை. பத்து வருடமாக அதே பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கினேன். தண்டின் அடிப்பகுதி கறுத்திருந்தது. இழுத்தால் கையோடு வந்தது. இருபத்து நான்காம் தேதிக்குள் எட்டுத் தட்டும் கூழாகிவிட்டன.

அன்று குட்னி வந்தாள். தட்டின் மேல் குனிந்து, மூக்கைச் சுளித்தாள்.

"அடக் கடவுளே. குளத்துல போட்ட மாதிரி இருக்கே."

"ஆமா."

"நடுவுல ஒரு வாரம் ஓஸ்முன்தானே பாத்துக்கிட்டான்?"

"ஆமா," என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு வாரம் அவர்தான் பார்த்துக்கொண்டார். குட்னி தலையை ஆட்டினாள். "சொல்லணுமா? அவன் கையில கரண்டி குடுத்தா வாளி ஆயிடும்," என்றாள். நான் மறுத்திருக்கலாம். அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. அவள் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் மறுநாள் மாலை வகுப்பில் பதிவேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. புதுத் தாளில் சுத்தமாக நகல் எடுத்தேன். நகல் எடுக்கும்போது, ஒன்பதாம் தேதியில் "தட்டுகள் உலர்ந்திருந்தன, இலைகள் சிவப்பு" என்று இருந்த இடத்தில், "திரும்பி வந்தபோது தட்டுகள் நீரில் ஊறியிருந்தன" என்று எழுதினேன். கடற்பாசி ஊற்றிய நான்கு வரிகளையும் நகலில் சேர்க்கவில்லை. பழைய தாளை எரிக்கவும் இல்லை, மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஆசிரியை தூரித் வகுப்பிலேயே படித்துப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "மிக ஒழுங்கான பதிவு. தவறு உன் பக்கம் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது." அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

இருபத்தாறாம் தேதி சங்கக் கூட்டம். கூரைக்குச் செடி இல்லை என்று குட்னி அறிவித்தாள். என் பதிவேட்டை மேசையில் வைத்திருந்தேன். அவள்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரியை வாசித்தாள்.

"ஓஸ்முன்," என்றான் ஆர்விட், "உன்ன விட்டா கடலுக்கே தண்ணி ஊத்துவியே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறியது. யாரோ, அந்த வாரம் நீர்மட்டம் ஏறினதுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது என்றார்கள்.

ஓஸ்முன் சிரிக்கவில்லை. காது மட்டும் இல்லை, கழுத்து வரை சிவந்திருந்தது.

"சீட்டுல எழுதினபடி நான் செய்யல," என்றார். "என் தப்புதான்."

மறுபடியும் சிரிப்பு. அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஊற்றவே இல்லை என்கிறார். தான் காயவிட்டுத்தான் அவை செத்தன என்று நினைக்கிறார். தட்டுகள் ஊறியிருந்தன என்று குட்னி வாசித்ததை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று தெரியாது. அவர் ஊற்றாமலே விட்டதை மறைத்து, அதைவிடச் சின்னத் தப்பாக நான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நன்றி சொல்வது போல. நான் குனிந்து பேனாவை மூடினேன்.

மறுநாள் காலை தபால் எடுக்கப் போனபோது வரிசையில் ஓர் இடம் காலி. எட்டாவது பெட்டி என்னுடையது. ஒன்பதாவது இல்லை. நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. ஓஸ்முன் தன் பச்சைப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்த் தன் வாசல் கம்பத்தில் அடித்திருந்தார்.

தபால் கொண்டுவரும் பெண்டெ என்னிடம் புலம்பினாள். "அவன் சந்துல என் வண்டி திரும்பாது ராக்னா. வரிசையில இருந்தா போடுவேன், இல்லன்னா இல்ல. உன் பெட்டியில போட்டுடறேன், நீ குடுத்துடு."

அப்படித்தான் ஜூலை போயிற்று. ஜூலையில் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. கூட்டம் கிடையாது, வகுப்பு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தபால் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அவருடைய கடிதங்களை எடுத்துக்கொண்டு நான் போவேன். அவருடைய பெட்டியில் போட்டு மூடியைச் சத்தமில்லாமல் சாத்துவேன். இரண்டு தடவை கதவு திறந்தது.

"உனக்குச் சிரமம்," என்றார் முதல் தடவை.

"இல்ல, பக்கத்துலதானே."

இரண்டாவது தடவை, "செடி விஷயத்துல நீ என்னக் காட்டிக் குடுக்கல. மறக்கமாட்டேன்," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். என் மேல் யாராவது கோபப்பட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம், அடுத்த வருடம் சங்கத்திலிருந்தே விலகிக்கொள்கிறேன் என்று குட்னிக்குக் கடிதம் எழுதினாராம். இருபது வருடமாக ஒரு கூட்டுவேலை நாளையும் தவறவிடாதவர். குட்னி கடையில் வந்து இதைச் சொன்னாள். "சின்ன விஷயத்துக்குப் போய் இவ்வளவு ரோஷம்," என்றாள். நான் அவளுடைய பாலுக்குக் காசு வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, கடிதங்களோடு பழைய தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓஸ்முன் ஏணி மேல் நின்று வடக்குச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கீழே மூன்று டப்பா.

"ஓஸ்முன், அது நீங்க இல்ல. நான்."

"என்ன நான்?"

"செடி. நீங்க ஊத்தலன்னு எனக்குத் தெரியும். அப்படியே விட்டதுதான் சரி. நான் வந்து பாசித் தண்ணி ஊத்தினேன். நாலு தடவை. அதுலதான் அழுகிப் போச்சு."

அவர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார். கீழே இறங்கவில்லை.

"அப்ப நான் காயப் போட்டது?"

"அது காயல. சிவந்துச்சு. முனையில போய்ப் பாருங்க, எல்லாம் சிவப்புதான்."

"ரெண்டு மாசமா நான் அதக் காயப் போட்டுக் கொன்னுட்டேன்னு நினைச்சுட்டு இருக்கேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

தாளை நீட்டினேன். அவர் இரண்டு படி இறங்கி வாங்கிக்கொண்டார். கையிலிருந்த வெள்ளை தாளில் ஒட்டியது. ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி என்று விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஏன் ஊத்தல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"ஊத்தினா அதிகமா ஊத்திடுவேனோன்னு பயம்," என்றார். "எல்லாரும் அதத்தானே சொல்றாங்க. முதல் நாள் கோப்பைய எடுத்துட்டு நின்னேன். பெருசா சின்னதான்னு தெரியல. வெச்சுட்டு வந்துட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான்."

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்கிட்ட சொல்லிட்ட. சிரிச்சது நான் இல்லையே."

மேலே ஏறி மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை கூட்டுவேலை. செடி இல்லாததால் கூரைக்குத் தார்த்தாள் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்பது வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. பதினொரு மணிக்குக் காப்பி. வாஃபிளும் பழுப்புச் சீஸும் சுற்றி வந்தன. நான் தட்டை வாங்கவில்லை. எழுந்து நின்றேன். யாரும் அங்கே எழுந்து நின்று பேசுவதில்லை. அதனால் எல்லோரும் வாயில் போட்டதை மெல்லாமல் பார்த்தார்கள்.

பழைய தாளை வாசித்தேன். நான்கு தேதி, நான்கு வரி. பிறகு, கூட்டத்தில் படித்த வரி நான் பின்னால் மாற்றி எழுதியது என்று சொன்னேன். ஒழுங்காகச் சொல்லி முடித்தேனா என்று இப்போதும் சந்தேகம்தான்.

யாரோ தெர்மாஸ் மூடியைத் திருகினார்கள்.

"சரி சரி," என்றாள் குட்னி. "என்ன, நாலு புல்லுதானே. உக்காரு, காப்பி ஆறிடும்."

"அப்ப கடலுக்குத் தண்ணி ஊத்தறது நீயா?" என்றான் ஆர்விட். எல்லோரும் சிரித்தார்கள். அதே கேலி. ஆனால் இந்தத் தடவை ஆர்விட் என் தோளைத் தட்டினான், ஒருத்தி என் தட்டில் இரண்டு வாஃபிளை வைத்தாள். எனக்கு அந்த இரண்டு வாஃபிளைப் பார்க்கப் பார்க்கத் தாளமுடியவில்லை. ஓஸ்முனுக்கு அன்றைக்கு யாரும் எதையும் வைக்கவில்லை. தோளைத் தட்டவில்லை.

"இத அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க," என்றேன். "என்கிட்ட சிரிக்காதீங்க."

அப்போது சிரிப்பு நின்றது. ஆர்விட் தன் கோப்பைக்குள் பார்த்தான். குட்னி ஒரு தட்டில் வாஃபிள் எடுத்து மூடிக்கொண்டு ஓஸ்முன் வீட்டுப் பக்கம் நடந்தாள். கால் மணி நேரத்தில் திரும்பினாள். தட்டு அப்படியே இருந்தது.

"சாப்பிட்டாச்சாம்," என்றாள். அவளுடைய காதும் சிவந்திருந்தது. "தார்த்தாள் போட வேண்டாம்னு சொன்னான். முனையில இருந்து துணுக்கு கிள்ளிட்டு வந்து தட்டுல வெச்சிருக்கானாம். ஆகஸ்ட்லயே. வேர் பிடிச்சிருக்காம்."

"யார் பாத்துக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவன்தான். வேற யாரும் கிட்ட வரக் கூடாதுன்னான்." குட்னி என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

வெற்றுப் பலகையை மூடி ஒரு படுதாவைக் கட்டிவிட்டுக் கலைந்தோம்.

மாலை வகுப்பு மறுபடி தொடங்கியபோது தூரித்திடம் உண்மையான தாளைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுப் பழைய குறிப்பை ஒரு கோடு போட்டு அடித்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. புதுப் பதிவேடு தொடங்கச் சொன்னாள். என்னிடம் செடி எதுவும் இல்லை, பக்கத்து வீட்டில்தான் வளர்கிறது என்றேன். "பக்கத்துல யாரோ வளக்கறாங்கன்னயே. அதப் பாத்து எழுது. தொடாம," என்றாள்.

அதனால் எழுதினேன். கடிதங்களைக் கொண்டுபோய்ப் போடும்போது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தெரிகிற அளவு. ஓஸ்முனின் தட்டுகள் படகுக் கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டி, கூரை இல்லாமல், நேராக மழையில் இருந்தன. அடியில் வெறும் கல்பொடி. அக்டோபர் பதினான்கு: ஒன்றும் செய்யப்படவில்லை. நவம்பர் இரண்டு: பனி. ஒன்றும் செய்யப்படவில்லை. ஜனவரி முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான். என் வாழ்க்கையில் நான் எழுதிய பக்கங்களில் திருத்த வேண்டிய ஒரு சொல்லும் இல்லாத பக்கங்கள் அவை.

ஓஸ்முன் கதவைத் திறப்பதில்லை. கடிதம் போடும்போது சிலசமயம் ஜன்னலில் நிழல் நகரும். ஒருமுறை மார்ச்சில் வெளியே நின்றிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் தலையசைத்தார். முன்பு சொன்ன நன்றியைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அது நியாயம்.

மே மாதக் கூட்டுவேலைக்கு அவர் வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே சுமந்துவந்து, ஏணியில் ஏறி, பாய் விரிப்பது போலக் கூரையில் பதித்தார். ஆர்விட் ஏணியைப் பிடித்துக்கொண்டான், ஒரு வார்த்தை கேலி இல்லாமல். எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. குழாயடியிலிருந்து பார்த்தேன். இலைகள் குறுகி, இறுகி, சாம்பல் பச்சையாக இருந்தன. வெயில் ஏற ஏறச் சிவக்கும். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

ஜூன் பதினொன்றாம் தேதி என் பெட்டியைத் திறந்தபோது எனக்கு வந்தவை மட்டும் இருந்தன. ஒரு மின்கட்டணச் சீட்டு, ஒரு விதைப் பட்டியல். வரிசையைப் பார்த்தேன். பச்சைப் பெட்டி திரும்ப வந்திருந்தது. ஆனால் என் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. ஒன்பதாவது இடத்தில் அந்த நான்கு துளைகள் அப்படியே இருந்தன. ஓஸ்முன் மறு கோடியில், ஆர்விட்டின் பெட்டியையும் தாண்டி, சட்டத்தின் நுனியில் புதிதாகத் துளையிட்டு மாட்டியிருந்தார்.

எடுத்துக்கொண்டு போக என் கையில் ஒன்றும் இல்லை. கால் பழக்கத்தில் அவர் வாசல் பக்கமே நடந்தது. பாதி வழியில் நினைவு வந்து திரும்பினேன்.